மீனம்பாக்கத்தில் இறங்கியாயிற்று, இனி எந்த வழியாகப் போவது?

சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த புதிதில் என் அத்தை மகன் துபாயிலிருந்து வந்து இறங்கினான். அவன் போக வேண்டியது திண்டிவனத்துக்கு. நாலு வருடம் கழித்து வருகிறவன், பழைய நினைப்பில் ஒரு டாக்சி பிடித்து நேரே கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டான். தெற்கே போகும் பேருந்துகள் எல்லாம் கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்ட விஷயம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மறுபடி ஒரு வண்டி, மறுபடி கத்திப்பாரா சந்திப்பு, மறுபடி அதே ஜி.எஸ்.டி. சாலை, அதாவது விமான நிலையத்தை ஒட்டித் தெற்கே போகும் நெடுஞ்சாலை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, தான் வந்து இறங்கிய விமான நிலையத்தையே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு தெற்கே போனான்.

அவன் டாக்சிக்கு அதிகம் கொடுத்தானா, குறைவாகக் கொடுத்தானா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. 'முதலில் ஊருக்குள் போய்விடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் தவறு நடந்தது. விமான நிலையத்திலிருந்து எதில் போவது என்று கேட்கும் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். டாக்சியா மெட்ரோவா, எது மலிவு, எது சொகுசு என்று வண்டியிலிருந்து யோசிக்கிறார்கள். நான் பல வருடமாக வந்து போகும் சொந்தக்காரர்களுக்கு வழி சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொண்டது வேறு. கடைசியாக எந்த வாசலில் போய் நிற்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் வண்டி தானாகவே முடிவாகிவிடும்.

சென்னை விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இந்த ஊருக்கு நடு என்று ஒன்று கிடையாது. சென்ட்ரலை நடு என்று ரயில்காரர்கள் சொல்வார்கள். கடை வேலையாக வருகிறவர்களுக்கு தி. நகர்தான் நடு, ஐ.டி. வேலைக்கு வருகிறவருக்குச் சென்னை என்றாலே பழைய மகாபலிபுரம் சாலை. விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் சுமார் 20 கிலோமீட்டர். மற்ற பெரிய ஊர்களோடு ஒப்பிட்டால் நமது விமான நிலையம் கிட்டத்தட்ட ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதோடு, மெட்ரோ, மின்சார ரயில், மாநகரப் பேருந்து மூன்றும் சில நூறு மீட்டருக்குள் அடுத்தடுத்து ஓடுகின்றன. இப்படி ஒரு வசதி இந்தியாவில் அதிக விமான நிலையங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு 2 கோடிப் பேருக்கு மேல் வந்து போகும் இடத்தில், இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துகிறவர்கள் குறைவாக இருப்பதுதான் எனக்கு ஆதங்கம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எல்லோரும் மீனம்பாக்கம் விமான நிலையம் என்றே சொல்கிறோம், நானும் தலைப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் மின்சார ரயிலில் மீனம்பாக்கத்தில் இறங்கினால் விமான நிலையத்துக்கு இன்னும் ஒரு நிலையம் போக வேண்டும். சரியான நிலையம் திரிசூலம். மெட்ரோவிலும் 'மீனம்பாக்கம்' என்று ஒரு நிலையம் தனியாக உண்டு. அதற்கு அடுத்து வரும் கடைசி நிலையம்தான் 'விமான நிலையம்'. வழியனுப்ப வந்த எத்தனையோ பேர் பெயரை நம்பி ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கிப் பெட்டியோடு வேர்த்து விறுவிறுத்து ஓடியிருக்கிறார்கள்.

சரி, மெட்ரோவுக்கு வருவோம். விமான நிலைய மெட்ரோ 2016 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது சின்னமலை வரைதான் ஓடியது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலை வழியாக வண்ணாரப்பேட்டை வரை முழுப்பாதையும் திறந்த பிறகுதான் அது உண்மையில் ஊருக்குள் போகும் வண்டி ஆனது. 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. கிண்டி, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், சென்ட்ரல், உயர் நீதிமன்றம் என்று அண்ணா சாலையின் நீளத்துக்கும் போய்ப் பாரிமுனையைத் தொட்டுவிட்டு வடசென்னைக்குப் போகிறது. சென்ட்ரலுக்குச் சுமார் 40 நிமிடம். மழை பெய்தாலும், முதலமைச்சர் வண்டி போனாலும் அதே 40 நிமிடம்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கட்டணம். உலகத்தில் பல ஊர்களில் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலுக்கென்று தனி விலை வைத்திருக்கிறார்கள். சிட்னியில் விமான நிலைய ரயில் நிலையத்தில் ஏறி இறங்குவதற்கே தனிக் கட்டணம். லண்டனில் ஹீத்ரோவுக்கு 1977-லிருந்தே சாதாரண பாதாள ரயில் உண்டு என்றாலும், 1998-ல் வந்த விரைவு ரயிலின் டிக்கெட் அதைவிடப் பல மடங்கு. சென்னையில் விமான நிலையமும் மற்ற நிலையங்களைப் போல ஒரு நிலையம், அவ்வளவுதான். 2021 பிப்ரவரியில் குறைத்த அட்டவணைப்படி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை போனாலும் 50 ரூபாய். பயண அட்டையோ க்யூ.ஆர். டிக்கெட்டோ எடுத்தால் அதிலும் 20 சதவீதம் தள்ளுபடி. வெளிநாட்டிலிருந்து வருகிறவரும் குரோம்பேட்டையிலிருந்து வந்து ஏறும் கூலித் தொழிலாளியும் ஒரே பெட்டியில், ஒரே விலையில் போகிறார்கள்.

ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலைப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இந்த வண்டியை அவசியம் யோசிக்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பங்கள் அந்தப் பகுதியில்தான் அதிகம் தங்குகின்றன. உடம்பு சரியில்லாதவரை டாக்சியில் அனுப்பிவிட்டு, பெட்டியோடு வரும் மற்றவர்கள் மெட்ரோவில் வந்தாலே ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு மிஞ்சும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஓமந்தூரார் மருத்துவமனைக்கு அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்க வேண்டும்.

அண்ணா நகர், வடபழனி, அசோக் நகர், கோயம்பேடு பக்கம் போகிறவர்கள் ஆலந்தூரில் இறங்கிப் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும். ஆலந்தூர் நிலையத்தில் இரண்டு பாதைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளத்தில் ஓடுகின்றன. மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் உண்டு. ஒரு பெட்டி, ஒரு பை என்றால் சிரமமில்லை. 30 கிலோ பெட்டி இரண்டு, அட்டைப்பெட்டியில் டி.வி., கையில் குழந்தை என்றால் வேண்டாம். வளைகுடாவிலிருந்து இரண்டு வருடத்துச் சம்பாத்தியத்தைச் சாமானாக்கிக் கொண்டுவருகிறவரிடம் போய் மெட்ரோவின் சிறப்பைப் பேசுவது நியாயமில்லை.

இந்த மெட்ரோ தொடாத முக்கியமான இடம் தி. நகர். நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஆனால் அதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ரயில் நிலையம். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. மீட்டர் கேஜாக இருந்து, 2004-ல் அகலப்பாதைக்கு முழுவதும் மாறிய பாதை. அதில் ஏறினால் கிண்டி, சைதாப்பேட்டை, அடுத்தது மாம்பலம். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு கண் முன்னால். டிக்கெட் 10 ரூபாயைத் தாண்டாது. கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து பறந்து வருகிறவர்கள் டாக்சியில் ஏறி, பனகல் பூங்கா நெரிசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

எழும்பூருக்கும் அப்படித்தான். மெட்ரோவில் எழும்பூர் போக வேண்டுமென்றால் சென்ட்ரல் வரை போய் வண்டி மாறி ஒரு நிலையம் திரும்பி வர வேண்டும். மின்சார ரயிலோ நேரே எழும்பூரில் கொண்டுபோய் விடும், அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டும் இதே பாதையில்தான். அடுத்து வரும் பூங்கா நிலையத்தில் இறங்கினால் சென்ட்ரல்.

குறை இல்லாமல் இல்லை. அலுவலக நேரத்தில், காலை எட்டிலிருந்து பத்து வரை ஊருக்குள் போகும் வண்டியிலும், மாலையில் தாம்பரம் போகும் வண்டியிலும் பெட்டியோடு ஏறுவது நடக்காத காரியம். வண்டி நிற்பது அரை நிமிடம். கூட்டம் உங்களையும் உள்ளே தள்ளும், உங்கள் பெட்டியை வெளியே தள்ளும். திரிசூலம் போகச் சாலையைக் கடக்க வேண்டும். அதற்குச் சுரங்கப்பாதை உண்டு, ஆனால் பெட்டியைத் தூக்கிப் படி இறங்கி ஏற வேண்டியிருக்கும். ஒருமுறை மூட்டுவலிக்கார அம்மாவை அந்த வழியாகக் கூட்டிப் போனேன், அப்புறம் அவரை ஒருபோதும் அப்படிக் கூட்டிப் போகவில்லை. இளவயதுக்காரர், தோள்பை மட்டும் என்றால் பகல் 11 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் இதைவிட நல்ல வண்டி கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை – செங்கல்பட்டு பாதையில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. சேவைகள் குறைவு, டிக்கெட் சாதாரண வண்டியைவிடக் கூட, ஆனால் நேரம் பொருந்தினால் வெயிலுக்கு இதம்.

இனி என் அத்தை மகன் விஷயம். விமானத்தில் வந்து இறங்கும் எல்லோரும் சென்னைக்காரர்கள் இல்லை. திருச்சி, மதுரை, நெல்லை, விழுப்புரம், கடலூர், தஞ்சாவூர் போகிறவர்கள் எவ்வளவோ பேர். அவர்கள் ஊருக்குள் போகவே கூடாது. விமான நிலையம் ஊரின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. அவர்கள் போக வேண்டியதும் தெற்கே. வடக்கே போய்த் திரும்புவது, வீட்டு வாசலிலிருந்து கொல்லைப்புறம் போக ஊரைச் சுற்றுவது போல.

கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெளியே சாலைக்கு வந்தால் கிளாம்பாக்கம் போகும் மாநகரப் பேருந்துகள் அடுத்தடுத்து வரும். பிராட்வேயிலிருந்து வரும் 21ஜி அவற்றில் ஒன்று. சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது, 2021-லிருந்து இலவசம். விமானத்தில் வந்தவர் மாநகரப் பேருந்தில் ஏறுவதா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ரயிலில் தெற்கே போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்கிறது. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் விரைவு ரயில்கள் ஏறத்தாழ எல்லாமே தாம்பரத்தில் நின்று போகின்றன. திரிசூலத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டினால் அடுத்த நிலையம் தாம்பரம். டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் நிலையமாகத் தாம்பரத்தைப் போட்டுவிட்டால் போதும். எழும்பூர் என்று ஏற்கெனவே எடுத்திருந்தால் ஏறும் இடத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாமல் தாம்பரத்தில் போய் ஏறினால், அதற்குள் உங்கள் இடம் வேறு யாருக்காவது போயிருக்க வாய்ப்புண்டு.

டாக்சியைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் கோபப்படுவது அங்கேதான்.

ஊருக்குள்ளிருந்து விமான நிலையத்துக்கு வரும்போது ஆகும் தொகையைவிட, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும்போது பெரும்பாலும் கூட ஆகிறது. தூரம் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். ஏன் இப்படி? ஓட்டுநர் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். அவர் ஒரு சவாரியை இறக்கிவிட்டு வரிசையில் போய் நிற்கிறார். எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று அவருக்கே தெரியாது. சில சமயம் ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு. நிறுத்தும் இடத்துக்கும் விமான நிலையத்துக்குள் வந்து ஏற்றுவதற்கும் கட்டணம் இருக்கிறது, அது கடைசியில் பயணியின் பில்லில்தான் வந்து சேரும். அந்தக் காத்திருப்பை ஈடுகட்டும் நீண்ட சவாரி வேண்டும் அவருக்கு. அதனால்தான் ஆப்பில் புக் செய்தவுடன் போன் அடித்து "எங்க சார் டிராப்?" என்று கேட்கிறார். நங்கநல்லூர் என்று சொன்னால் அமைதியாகிவிடுவார், கொஞ்ச நேரத்தில் சவாரி ரத்தாகிவிடும். இரண்டு மணி நேரம் காத்திருந்தவருக்கு நாலு கிலோமீட்டர் சவாரி வந்தால் அவர் என்ன செய்வார்? இதில் ஓட்டுநர்மேல் மட்டும் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அர்த்தராத்திரியில் மூன்றாவது முறையாகச் சவாரி ரத்தாகி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அனுபவமும் எனக்கு இருக்கிறது.

பக்கத்தில் வீடு உள்ளவர்கள் அதனால் ஆப்பை நம்பாமல் வேறு வழி பார்ப்பது நல்லது. நங்கநல்லூருக்கு மெட்ரோவில் இரண்டாவது நிலையம். பழவந்தாங்கலும் பல்லாவரமும் மின்சார ரயிலில். இந்தச் சின்னத் தூரங்களுக்குத்தான் நமது ரயில்கள் டாக்சியைவிடத் தெளிவாக மேலானவை.

ஆப் டாக்சியின் இன்னொரு கணக்கு, தேவை கூடினால் விலை கூடுவது. ஒரே நேரத்தில் நாலைந்து விமானங்கள் இறங்கி, எல்லோரும் ஒரே பத்து நிமிடத்தில் போனை எடுத்தால் விலை ஏறிவிடும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். அவசரமில்லையென்றால் ஒரு காபி குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், அந்த அலை அடங்கியிருக்கக்கூடும். உள்ளேயே இருக்கும் ப்ரீபெய்டு கவுண்டரில் இந்த ஏற்றம் கிடையாது. இடத்தைச் சொன்னால் அதற்கென்று ஒரு தொகை. பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வண்டி ஏறலாம். சாதாரண நேரத்தில் ஆப்பைவிடக் கொஞ்சம் அதிகம், மழை நாளில் பெரும்பாலும் குறைவு. வயதானவர்கள், போனில் தட்டத் தெரியாதவர்கள், தனியாக வரும் பெண்கள் இதையே எடுக்கட்டும் என்பேன். ரசீது கையில் இருக்கும். யார் வண்டியில் ஏறினோம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 டிசம்பரில் பல அடுக்கு வாகன நிறுத்தம் திறந்த பிறகு, ஆப் டாக்சிகள் முனைய வாசலுக்கு வருவதில்லை. அந்த நிறுத்தத்துக்குத்தான் நாம் போக வேண்டும். பேட்டரி வண்டி ஓடுகிறது, ஆனால் கூட்டத்தில் இடம் கிடைக்க வேண்டும். அந்த அடுக்குக் கட்டடங்கள் மெட்ரோ நிலையத்தின் இரு பக்கமும்தான் இருக்கின்றன. ஆக, டாக்சிக்கு நடக்கும் தூரமும் மெட்ரோவுக்கு நடக்கும் தூரமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. 'டாக்சி என்றால் வாசலிலேயே ஏறிவிடலாம்' என்ற பழைய லாபம் இப்போது போய்விட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இங்கேதான் நான் அதிகம் சிபாரிசு செய்யும் வழி வருகிறது, பாதி மெட்ரோ, பாதி ஆட்டோ. அடையாறு போக வேண்டுமா? சின்னமலை வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. மயிலாப்பூரா? தேனாம்பேட்டையில் இறங்குங்கள். திருவல்லிக்கேணி என்றால் அரசினர் தோட்டம். விமான நிலையத்துக்கு வெளியே வந்துவிட்டால் உங்களை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ மணிக்கணக்கில் காத்திருந்த வண்டி இல்லை, சும்மா போய்க்கொண்டிருக்கும் வண்டி. விலை இயல்பான விலையாகிவிடும். ஜி.எஸ்.டி. சாலையும் கத்திப்பாராவும் நமக்குக் கீழே அடைத்துக்கொண்டு நிற்கும், நாம் மேலே போய்விடுவோம். அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையில் மேம்பாலம் கட்ட 2024-ல் பள்ளம் தோண்டத் தொடங்கியதிலிருந்து இந்த வழியின் அருமை எனக்கு இன்னும் கூடிவிட்டது.

ஆட்டோ மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு கடைசியாகக் கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. இரவு 11 முதல் காலை 5 வரை அதில் பாதி கூடுதல். அதற்குப் பிறகு பெட்ரோல் எங்கே போயிற்று என்று நமக்குத் தெரியும். மீட்டர் போடச் சொல்லிச் சண்டை பிடிப்பதைவிட, ஆப்பில் என்ன தொகை காட்டுகிறது என்று பார்த்து, அதையொட்டிப் பேசி ஏறுவது இரண்டு பேருக்கும் நிம்மதி.

நாலு பேர் கொண்ட குடும்பம் என்றால் கணக்கு மாறும். மெட்ரோவில் அதிகபட்சமே ஆளுக்கு 50, ஆக 200; இறங்கிய இடத்தில் ஆட்டோவுக்கு ஒரு 150. நாலு பேரும் பெட்டிகளும் ஒரு ஆட்டோவில் அடங்காது, இரண்டு வேண்டும். அப்போது 500 ரூபாய் ஆகிவிடுகிறது. சாதாரண நேரத்து டாக்சியும் ஏறத்தாழ அதே அளவில் வந்துவிடும். ஆக, தனியாளுக்கு மெட்ரோவில் கிடைக்கும் பெரிய லாபம், குடும்பத்துக்குக் கரைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் கேள்வி நேரம் ஒன்றுதான்.

அந்த நேரம்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போடுகிறது. மாலை ஆறரை மணிக்கு விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்குக் காரில் போனால் ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படக் கூடாது. அதே சாலையில் அதிகாலை மூன்று மணிக்குப் போனால் அரை மணி நேரம். பகலில் மெட்ரோ வேகம், இரவில் டாக்சி வேகம். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வந்து இறங்குகின்றன. மெட்ரோ இரவு 11 மணியோடு நின்று காலை 5 மணிக்குத்தான் எழுந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ பெரிதாக உதவாமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மூன்றரைக்கு இறங்குகிறவர் கொஞ்சம் யோசிக்கலாம். குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர நாலரை ஆகிவிடும். இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் முதல் மெட்ரோ. இரவு ஒரு மணிக்கு இறங்கித் தனியாக வருகிறவர் என்றால் ப்ரீபெய்டு எடுத்துக்கொண்டு போய்விடுவதே சரி. வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வரும் வழியைப் போனில் வீட்டாருக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போகிறவர்களுக்கு இப்போதைக்கு டாக்சி சுலபம். பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலை வழியாகப் போனால் ஊருக்குள் நுழையாமலேயே போய்விடலாம். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் இரண்டாம் கட்ட மெட்ரோ ஆலந்தூரைத் தொட்டுப் போகும்படி கட்டுகிறார்கள். அது முடிந்தால் ஐ.டி. ஊழியர்கள் ஒரே ஒரு மாற்றத்தில் சோழிங்கநல்லூர் போய்விடலாம்.

ரயில் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு தில்லி நல்ல பாடம். அங்கே விமான நிலையத்துக்கென்றே 2011 பிப்ரவரியில் தனி விரைவுப் பாதை திறந்தார்கள். புது தில்லி ரயில் நிலையத்திலிருந்து விமான முனையத்துக்கு 20 நிமிடத்தில் போகும் அருமையான வண்டி. ஆனால் தனியார் நடத்திய அந்தப் பாதையில் டிக்கெட் விலை அதிகம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. தூண்களுக்கு மேலே இருந்த பகுதிகளில் கோளாறு கண்டுபிடித்து 2012-ல் மாதக்கணக்கில் மூடியும் வைத்தார்கள். 2013 ஜூலையில் தில்லி மெட்ரோ நிறுவனமே பாதையை எடுத்துக்கொண்டு, பிறகு கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம்தான் கூட்டம் கூடியது. நாம் சாதாரண மெட்ரோ கட்டணத்திலேயே தொடங்கியது எவ்வளவு நல்ல முடிவு என்பது தில்லியைப் பார்த்தால் தெரியும்.

பெங்களூரில் நிலைமை நேர்மாறு. 2008-ல் தேவனஹள்ளியில் விமான நிலையத்தைத் திறந்தபோது ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தூரம், மெட்ரோவோ அடிக்கடி ஓடும் ரயிலோ இல்லை. அந்தக் குறையை மாநகரப் பேருந்துக் கழகத்தின் ஏசி பேருந்துகள் ஈடுகட்டின. ஊரின் பல மூலைகளுக்கும் தனித்தனித் தடம், ராத்திரியிலும் வண்டி, பெட்டி வைக்க இடம். நமக்கு ரயில் இருக்கிறது, அந்த அளவுக்குப் பேருந்து இல்லை. மெட்ரோ தூங்கும் அந்த ஆறு மணி நேரத்துக்கு, முனைய வாசலிலிருந்து சென்ட்ரல், கோயம்பேடு, கிளாம்பாக்கம் மூன்றுக்கும் மணிக்கு ஒரு பேருந்து விட்டால் எத்தனை பேருக்கு உதவும்! திரிசூலத்துக்குப் போகும் அந்தச் சில நூறு மீட்டருக்குப் பெட்டி உருட்டிப் போகும்படி ஒரு நேர்வழி, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிய பலகைகள், வெளியே வரும் இடத்தில் 'தெற்கு மாவட்டங்களுக்கு இந்தப் பக்கம்' என்று ஒரு அம்புக்குறி. இதற்கெல்லாம் ஆயிரம் கோடி தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டத்தைப் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறார்கள். அது வரும்போது வரட்டும், பலகையை நாளைக்கே வைக்கலாம்.

பரந்தூரில் வரப்போவதாகச் சொல்லும் இரண்டாவது விமான நிலையத்தை நினைத்தால் இந்தக் கவலை பெரிதாகிறது. 2022 ஆகஸ்டில் இடத்தை அறிவித்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகப் போராடி வருகிறார்கள். அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். போக்குவரத்தை மட்டும் பார்த்தாலும், அந்த இடம் ஊரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். பூந்தமல்லி வரை வரும் மெட்ரோவைப் பரந்தூருக்கு நீட்டலாம் என்கிறார்கள். இப்போதைய மெட்ரோ விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரையிலான 30 சொச்சம் கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கிறது. நிலையத்துக்கு நிலையம் நின்று போகும் அதே மாதிரி வண்டியைப் பரந்தூருக்கு விட்டால் இரண்டு மணி நேரம் ஆகும். மதுரைக்குப் பறக்கும் நேரத்தைவிட அது அதிகம். தில்லியைப் போல நாலைந்து இடத்தில் மட்டும் நிற்கும் விரைவுப் பாதை வேண்டும், நம் மெட்ரோவைப் போலச் சாதாரண ஆள் கொடுக்கக்கூடிய கட்டணமும் வேண்டும். ஓடுபாதைக்குக் கோடு போடும் அதே வரைபடத்தில் அந்த ரயிலுக்கும் கோடு போட்டாக வேண்டும்.